செட்டப், ஹோல்டு: காமன் கிளாக் பஸ்ஸுக்கு நேரக் கணக்குப் போடும் முழு வழிகாட்டி

டெல்டாவில் ஒரு நவீன அரிசி ஆலைக்குள் போனால் கலர் சார்ட்டர் கண்ணில் படாமல் இருக்காது. சரிவில் வழுக்கி விழும் அரிசியை லைன் ஸ்கேன் கேமரா பார்க்கும். கறுத்த மணி எது, பழுப்பேறிய மணி எது, கல் எது என்று உள்ளே இருக்கும் போர்டு முடிவெடுக்கும். அந்த மணி கீழே போய்ச் சேருவதற்குள் ஒரு காற்று வால்வு திறந்து அதை மட்டும் ஊதித் தள்ளும். இந்த முடிவை எடுக்கும் போர்டில் பொதுவாக ஒரு எஃப்.பி.ஜி.ஏ. (உள்ளே இருக்கும் சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்), பக்கத்திலேயே மெமரி சிப்புகள், இரண்டுக்கும் நடுவே டேட்டாவைச் சேர்ந்து சுமக்கும், நாற்பது கோடுகளுக்குக் குறையாத ஒரு பஸ் இருக்கும். அந்தப் பஸ்ஸில் ஒரு பிட் தவறினால் இயந்திரம் நிற்காது. வேறு வால்வு திறக்கும். நல்ல அரிசி ரிஜெக்டில் விழும், கறுப்பு மணி மூட்டைக்குள் போகும். ஆலைக்காரர் முதலில் கேமராக் கண்ணாடியில் தவிடு படிந்திருக்கிறதா என்று பார்த்துத் துடைப்பார். அப்புறம் வால்வை மாற்றுவார், கம்ப்ரஸரைப் பார்ப்பார். போர்டுக்குள் நேரக் கணக்கு இடிக்கிறது என்று எளிதில் யாருக்கும் தோன்றாது.

அப்படிப்பட்ட போர்டை வடிவமைக்கிறவர்களுக்கும், பழுது பார்க்கிறவர்களுக்கும், தஞ்சாவூர், திருச்சி பக்கத்துக் கல்லூரிகளில் கடைசி வருட புராஜெக்டுக்கு எஃப்.பி.ஜி.ஏ.வோடு வெளி மெமரியை இணைக்கப் போகிற ஈ.சி.ஈ. மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஒரு பிட்டைப் பிடித்து வைக்கும் ஃபிளிப்-ஃபிளாப்புக்கு செட்டப் நேரம், ஹோல்டு நேரம் என்று இரண்டு உண்டு என வகுப்பில் படித்திருப்பீர்கள். கிளாக் எட்ஜுக்கு, அதாவது கிளாக் துடிப்பு ஏறும் கணத்துக்கு, முன்னால் டேட்டா அசையாமல் இருக்க வேண்டிய நேரம் செட்டப், அதற்குப் பின்னாலும் அசையாமல் இருக்க வேண்டிய நேரம் ஹோல்டு. அவற்றை இரண்டு சிப்புகளுக்கு நடுவே, நிஜமான ட்ரேஸின் (போர்டில் ஓடும் செப்புக் கோட்டின்) மேல் வைத்துக் கணக்கிடுவது எப்படி என்று ஒரு போர்டை எடுத்துக்கொண்டு கடைசி வரை பார்க்கலாம்.

நான் வற்புறுத்துவது ஒன்றே ஒன்றுதான். ஹோல்டு கணக்கை முதலில் போடுங்கள், அதுவும் ட்ரேஸ் வரையத் தொடங்கும் முன்பே. செட்டப் இடித்தால் கிளாக்கைக் குறைத்தாவது சீசனை ஓட்டிவிடலாம். ஹோல்டு இடித்தால் கிளாக்கை எவ்வளவு குறைத்தாலும் பயன் இல்லை.

காமன் கிளாக் என்றால் என்ன?

போர்டில் கிளாக் துடிப்பை உண்டாக்கும் ஒரு ஆசிலேட்டர் இருக்கிறது. அதிலிருந்து வரும் கிளாக்கைப் பல கோடுகளாகப் பிரித்துக் கொடுக்க ஒரு கிளாக் பஃபர். பஃபரின் ஒவ்வொரு அவுட்புட்டும் ஒவ்வொரு சிப்புக்குப் போகிறது. அனுப்புகிற சிப்பும் வாங்குகிற சிப்பும் இந்த ஒரே கிளாக்கைத்தான் கேட்கின்றன. ஒரு எட்ஜில் அனுப்புகிறவர் டேட்டாவை வெளியே விடுகிறார். அடுத்த எட்ஜில் வாங்குகிறவர் அதைப் பிடித்துக்கொள்கிறார். டேட்டாவோடு கூடவே வேறு எந்த நேரக் குறிப்பும் வருவதில்லை.

இதிலிருந்து இரண்டு நிபந்தனைகள் வருகின்றன. முதலாவது, டேட்டா கிளம்பி, பயணம் செய்து, அடுத்த எட்ஜுக்கு முன்னால் செட்டப் நேரம் மிச்சம் இருக்கும்படி வந்து சேர வேண்டும். இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. வாங்குகிறவர் பழைய டேட்டாவைப் பிடிக்கிற அதே எட்ஜில்தான் அனுப்புகிறவர் புதிய டேட்டாவை விடுகிறார். அந்தப் புதிய டேட்டா ஹோல்டு நேரம் முடிவதற்குள் வந்துவிடக் கூடாது. வந்தால் பழையது பிடிபடும் முன்பே அழிந்துவிடும்.

முறைப்பாசனம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். செட்டப் கவலை கடைமடைக் கவலை, முறை முடிவதற்குள் தண்ணீர் வந்து சேருமா என்பது. ஹோல்டு கவலை தலைமடைக் கவலை, மடையை அடைப்பதற்குள் அடுத்த தண்ணீர் பாய்ந்துவிடுமா என்பது. ஆகவே செட்டப்பைத் தூரத்தில் இருக்கும், மெதுவான சிப்புக்குப் பார்க்க வேண்டும். ஹோல்டைப் பக்கத்தில் இருக்கும், வேகமான சிப்புக்குப் பார்க்க வேண்டும்.

படி 1: டேட்டாஷீட்டிலிருந்து எண்களை எடுப்பது

ஒவ்வொரு சிப்புக்கும் நான்கு எண்கள் வேண்டும். கிளாக் எட்ஜ் வந்ததிலிருந்து அவுட்புட் மாற ஆகும் நேரத்தின் அதிகபட்சம், அதே நேரத்தின் குறைந்தபட்சம், இன்புட்டின் செட்டப், இன்புட்டின் ஹோல்டு. அவுட்புட் நேரத்தைச் சுருக்கமாக டி.சி.ஓ. என்று சொல்வோம். மெமரி டேட்டாஷீட்டில் அதிகபட்சம் ஆக்சஸ் டைம் என்ற பெயரிலும், குறைந்தபட்சம் அவுட்புட் ஹோல்டு டைம் என்ற பெயரிலும் இருக்கும். பெயர் வேறாக இருப்பதால், குறைந்தபட்ச எண்ணே கொடுக்கவில்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

100 மெகாஹெர்ட்ஸ் பி.சி.100 வகை எஸ்.டி.ராமில் (கிளாக்கின் தாளத்தில் ஓடும் மெமரியில்) வழக்கமான எண்கள் இவை: ஆக்சஸ் டைம் அதிகபட்சம் 6 நானோ நொடி, அவுட்புட் ஹோல்டு 3, இன்புட் செட்டப் 2, இன்புட் ஹோல்டு 1.

டேட்டாஷீட் அட்டவணையில் டிபிகல் என்ற நடு நெடுவரிசையை மறந்துவிடுங்கள். செட்டப்புக்கு எல்லாம் மெதுவான எல்லை, ஹோல்டுக்கு எல்லாம் வேகமான எல்லை. குறைந்தபட்ச நெடுவரிசையில் வெறும் கோடு போட்டிருந்தால் பூஜ்யம் என்று எடுங்கள். அதிகபட்சத்தில் பாதி இருக்கும் என்று நீங்களாக ஒரு எண்ணைப் போட்டுக்கொள்ளக் கூடாது. தயாரிப்பாளர் அந்தச் சிப்பைப் பின்னாளில் இன்னும் சின்ன நானோமீட்டர் தயாரிப்பு முறைக்கு மாற்றினால், அதிகபட்சத்தை மீறாமலே அது இன்னும் வேகமாகிவிடலாம். அதே பார்ட் நம்பர், அதே டேட்டாஷீட், ஆனால் உங்கள் போர்டு வேலை செய்யாது. சிப்பை மாற்றிப் பழுது பார்த்த பிறகு புதிதாகக் கோளாறு கிளம்பினால் சந்தேகிக்க வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

எஃப்.பி.ஜி.ஏ.வுக்கு இந்த எண்கள் டேட்டாஷீட்டில் நேராக இருக்காது, அதை வடிவமைக்கும் மென்பொருளான டூல்தான் சொல்லும். பஸ்ஸின் ரெஜிஸ்டர்களை (ஃபிளிப்-ஃபிளாப்புகளை) சிப்பின் பின்னுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஐ.ஓ. செல்லுக்குள் வைக்கச் சொல்லிக் கட்டளை கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஒவ்வொரு கம்பைலுக்கும் ரெஜிஸ்டர் ஒவ்வொரு மூலையில் போய் உட்காரும், டி.சி.ஓ. ஒவ்வொரு பின்னுக்கும் மாறும். நேற்று ஓடிய டிசைன், சம்பந்தமே இல்லாத ஒரு வரியை மாற்றியதும் இன்று ஓடாமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

படி 2: ஃபிளைட் டைம்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

எஃப்.ஆர்.4 என்ற வழக்கமான கண்ணாடி இழைப் போர்டில் உள் லேயரில் ஓடும் ட்ரேஸில் சிக்னல் ஒரு மில்லிமீட்டர் கடக்க ஏறக்குறைய 7 பிகோ நொடி ஆகும். மேல் லேயரில் சற்று வேகம், ஏறக்குறைய 6. 60 மி.மீ. உள் லேயர் ட்ரேஸ் என்றால் 0.42 நானோ நொடி. ஆனால் ஃபிளைட் டைம் என்பது இந்த நீளக் கணக்கு மட்டும் இல்லை. வாங்குகிற சிப்பின் கெப்பாசிட்டன்ஸ் எட்ஜை மழுக்கும். ஒரே கோட்டில் இரண்டு மூன்று சிப் தொங்கினால் இன்னும் மழுங்கும். எதிரொலி வந்து சிக்னல், 0-ஐயும் 1-ஐயும் பிரிக்கும் நுழைவாயில் வோல்டேஜைத் தாண்டிவிட்டு, மறுபடி கீழே இறங்கி, திரும்ப ஏறலாம். செட்டப் கணக்குக்குக் கடைசியாக எப்போது தாண்டி நிலைத்தது என்பதை எடுக்க வேண்டும். ஹோல்டு கணக்குக்கு முதல்முறை எப்போது தொட்டது என்பதை எடுக்க வேண்டும். ஒரே அலைவடிவத்தில் இரண்டு வெவ்வேறு இடங்கள்.

அடுத்து டெஸ்ட் லோடு. டேட்டாஷீட்டில் இருக்கும் டி.சி.ஓ. வெறும் பின்னில் அளந்தது இல்லை. ஒரு குறிப்பிட்ட லோடைத் தொங்கவிட்டு அளந்தது, பழைய எஸ்.டி.ராம் டேட்டாஷீட் பலவற்றில் 50 பிகோஃபாரட் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அந்த லோடை ஏற்றி இறக்க ஆகும் நேரம் டி.சி.ஓ.வுக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. நீங்கள் சிமுலேஷனில் டிரைவர் மாறத் தொடங்கிய கணத்திலிருந்து வாங்குகிற பின் வரை அளந்து, அதை அப்படியே டி.சி.ஓ.வோடு கூட்டினால் ஒரு பகுதியை இரண்டு தடவை எண்ணுகிறீர்கள்.

சரியான வழி இது. சிப்பின் பின்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று தயாரிப்பாளர் தரும் ஐபிஸ் மாடலை வைத்து இரண்டு சிமுலேஷன் ஓட்டுங்கள். ஒன்றில் டிரைவரோடு டேட்டாஷீட் சொன்ன டெஸ்ட் லோடு மட்டும். இன்னொன்றில் டிரைவர், உங்கள் ட்ரேஸ், வாங்குகிற சிப். டெஸ்ட் லோடில் சிக்னல் அளவெடுக்கும் வோல்டேஜைத் தாண்டும் நேரத்தை, நிஜக் கோட்டில் வாங்குகிற பின் தாண்டும் நேரத்திலிருந்து கழியுங்கள். கிடைப்பதுதான் ஃபிளைட் டைம். எல்.வி.டி.டி.எல். (3.3 வோல்ட் சிக்னல் முறை) எஸ்.டி.ராமுக்கு அந்த வோல்டேஜ் 1.4 வோல்ட், மற்ற சிப்புகளுக்கு அவற்றின் டேட்டாஷீட்டைப் பாருங்கள். உங்கள் கோடு குட்டையாக, லோடு குறைவாக இருந்தால் விடை மைனஸில் வரலாம். பயப்பட வேண்டாம், அது சரியான விடைதான். ஆனால் அந்த மைனஸ் உங்கள் ஹோல்டு மார்ஜினைத் தின்னும், அதைப் பூஜ்யமாக்கிவிடாதீர்கள்.

மெதுவான மாடலில் வந்தது செட்டப்புக்கு, வேகமான மாடலில் வந்தது ஹோல்டுக்கு. பக்கத்துக் கோடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் மாறும்போது கிராஸ்டாக்காலும் (ஒரு கோட்டின் சிக்னல் பக்கத்துக் கோட்டில் கசிவதாலும்), சிப்பின் பவர் பின் தள்ளாடுவதாலும் இந்த நேரம் முன்னும் பின்னும் நகரும். அதற்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

படி 3: ஸ்கியூ, ஜிட்டர்

கிளாக் எல்லாச் சிப்புக்கும் ஒரே கணத்தில் போய்ச் சேராது. பஃபரின் அவுட்புட்டுகளுக்குள் இருக்கும் வித்தியாசம், கிளாக் ட்ரேஸ்களின் நீள வித்தியாசம், சிப்புகளின் கிளாக் பின் கெப்பாசிட்டன்ஸ் வித்தியாசம் மூன்றும் சேர்ந்தது ஸ்கியூ. 10 மி.மீ. நீள வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 0.07 நானோ நொடி.

ஜிட்டர் வேறு. ஒரு சைக்கிள் இன்னொரு சைக்கிளைவிடக் குட்டையாகிவிடுவது அது. செட்டப்பில் ஒரு எட்ஜில் கிளம்பி அடுத்த எட்ஜில் பிடிபடுகிறது, ஆகவே ஜிட்டர் இடிக்கும். ஹோல்டில் இரு பக்கமும் ஒரே எட்ஜைப் பற்றிய பேச்சு, ஆகவே ஆசிலேட்டரின் ஜிட்டர் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகி அடிபட்டுப் போகும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: ஏதாவது ஒரு சிப் தனக்குள் பி.எல்.எல். (வரும் கிளாக்கைப் பின்பற்றித் தானே ஒரு கிளாக்கை உண்டாக்கும் சுற்று) வைத்திருந்தால் அந்த பி.எல்.எல்.லின் ஜிட்டர் பொது இல்லை. அதை ஹோல்டு கணக்கிலும் கழிக்க வேண்டும்.

படி 4: இரண்டு சமன்பாடுகள்

செட்டப் மார்ஜின் = சைக்கிள் − (டி.சி.ஓ. அதிகபட்சம் + ஃபிளைட் அதிகபட்சம் + செட்டப் + ஸ்கியூ + ஜிட்டர்)

ஹோல்டு மார்ஜின் = டி.சி.ஓ. குறைந்தபட்சம் + ஃபிளைட் குறைந்தபட்சம் − ஹோல்டு − ஸ்கியூ

இரண்டாவது வரியில் சைக்கிள் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். முன்னால் சொன்ன வற்புறுத்தலுக்குக் காரணம் அதுதான்.

இந்தக் கணக்கை அழகாகப் பங்கு பிரித்துக் காட்டியது, கணினிகளில் கார்டுகளைச் செருகப் பயன்பட்ட பி.சி.ஐ. பஸ். 33 மெகாஹெர்ட்ஸில் சைக்கிள் 30 நானோ நொடி. அதில் டி.சி.ஓ.வுக்கு 11, பயணத்துக்கு 10, ஸ்கியூவுக்கு 2, செட்டப்புக்கு 7. கூட்டிப் பார்த்தால் சரியாக 30. 66 மெகாஹெர்ட்ஸில் 6, 5, 1, 3, மொத்தம் 15. மிச்சம் ஒன்றுமில்லாமல் ஒவ்வொரு தரப்புக்கும் இவ்வளவுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஹோல்டு பக்கத்தைப் பாருங்கள். 33 மெகாஹெர்ட்ஸ் பி.சி.ஐ.யில் டி.சி.ஓ. குறைந்தபட்சம் 2, ஹோல்டு 0, ஸ்கியூ 2. ட்ரேஸ் நீளமே இல்லை என்று வைத்தாலும் 2 − 0 − 2 = 0; இடிக்காமல் நிற்கிறது. இன்புட் ஹோல்டு பூஜ்யம் என்று விதித்ததில்தான் அந்த வடிவமைப்பாளர்களின் முன்யோசனை இருக்கிறது. எத்தனையோ கம்பெனிகளின் கார்டுகளை யார் யாரோ செருகினாலும் ஹோல்டு இடிக்கக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருக்கிறார்கள். கார்டில் கிளாக் ட்ரேஸ் 2.5 அங்குலம், கூடக் குறைய 0.1 அங்குலம்தான் என்ற கறாரான விதியும் இதே காரணத்துக்காக வந்ததுதான்.

படி 5: நம் போர்டு

இப்போது சார்ட்டர் போர்டுக்கு வருவோம். ஒரு எஃப்.பி.ஜி.ஏ., ஒரு கிளாக் பஃபர், பி.சி.100 எஸ்.டி.ராம். கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ், சைக்கிள் 10 நானோ நொடி. எஸ்.டி.ராம் எண்கள் மேலே சொன்னவை. மற்றவற்றை எடுத்துக்காட்டுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். எஃப்.பி.ஜி.ஏ. டி.சி.ஓ. அதிகபட்சம் 4.5, குறைந்தபட்சம் 1.0, செட்டப் 1.5, ஹோல்டு 0.5. ட்ரேஸ் 30 முதல் 60 மி.மீ.; டெஸ்ட் லோடைக் கழித்த பிறகு ஃபிளைட் அதிகபட்சம் 0.9, குறைந்தபட்சம் 0.2. ஸ்கியூ 0.3, ஜிட்டர் 0.2.

டேட்டா கோடு இரு திசையிலும் ஓடுகிறது. ஆகவே இரண்டு கணக்கு இல்லை, நான்கு கணக்கு. ஒரு திசைக்கு மட்டும் போட்டு நிறுத்திவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் குறை.

எழுதும் திசை, ஹோல்டு: 1.0 + 0.2 − 1.0 − 0.3 = −0.1
எழுதும் திசை, செட்டப்: 10 − (4.5 + 0.9 + 2.0 + 0.3 + 0.2) = 2.1
படிக்கும் திசை, ஹோல்டு: 3.0 + 0.2 − 0.5 − 0.3 = 2.4
படிக்கும் திசை, செட்டப்: 10 − (6.0 + 0.9 + 1.5 + 0.3 + 0.2) = 1.1

செட்டப்பை மட்டும் பார்த்தவர் 2.1-உம் 1.1-உம் கிடைத்த மகிழ்ச்சியில் போர்டை அடிக்க அனுப்பியிருப்பார். எழுதும் ஹோல்டு 0.1 நானோ நொடி, அதாவது 100 பிகோ நொடி குறைகிறது. கிளாக்கை 50 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினால் எழுதும் செட்டப் 12.1 ஆகும். ஹோல்டு அதே −0.1.

இந்தக் குறை மேஜையில் தெரியாமலே போகலாம். உங்கள் கையில் இருக்கும் சிப்புகள் நடுத்தரமானவையாக இருந்தால் போர்டு ஓடும். பத்து போர்டு அடித்ததில் ஒன்று மட்டும், அதுவும் ஒரு பிட் மட்டும் தவறும்.

படி 6: சரிசெய்வது

முதலில் தோன்றும் வழி, எல்லா டேட்டா, அட்ரஸ், கண்ட்ரோல் ட்ரேஸ்களையும் நீட்டுவது. நமக்கு இருக்கும் குறையை மூடி, கொஞ்சம் மார்ஜினும் வைக்க 0.5 நானோ நொடி வேண்டும் என்றால் ஒவ்வொன்றிலும் 70 மி.மீ. கூட்ட வேண்டும். நாற்பது கோடுகளை அப்படி வளைத்து வளைத்து வரைந்தால் போர்டில் இடம் போகும், கிராஸ்டாக் கூடும். போதாததற்குப் படிக்கும் செட்டப் 1.1-லிருந்து 0.6 ஆகும். எனக்கு இந்த வழி பிடிக்காது.

நல்ல வழி கிளாக்கை நகர்த்துவது. எஃப்.பி.ஜி.ஏ.வின் கிளாக்கை எஸ்.டி.ராமின் கிளாக்கைவிட ஓர் அளவு தாமதப்படுத்துங்கள். எழுதும்போது டேட்டா தாமதமாகக் கிளம்பும், எழுதும் ஹோல்டு அந்த அளவு கூடும், எழுதும் செட்டப் அந்த அளவு குறையும். படிக்கும்போது எஃப்.பி.ஜி.ஏ. தாமதமாகப் பிடிக்கும், படிக்கும் செட்டப் கூடும், படிக்கும் ஹோல்டு குறையும். எவ்வளவு தாமதம்? நான்கில் மிகக் குறைவான மார்ஜின் எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு பெரிதாகும் இடம் வரை. இங்கே இழுபறி எழுதும் ஹோல்டுக்கும் எழுதும் செட்டப்புக்கும். இரண்டும் சமமாகும் தாமதம் 1.1 நானோ நொடி.

நகர்த்திய பிறகு எழுதும் ஹோல்டு 1.0, எழுதும் செட்டப் 1.0, படிக்கும் ஹோல்டு 1.3, படிக்கும் செட்டப் 2.2. நான்கும் பிளஸில், மிகக் குறைந்தது 1 நானோ நொடி. 100 மெகாஹெர்ட்ஸ் போர்டுக்கு இது தாராளம்.

1.1 நானோ நொடியைப் பெற இரண்டு வழி உண்டு. எஃப்.பி.ஜி.ஏ.வுக்குப் போகும் ஒரே ஒரு கிளாக் ட்ரேஸை உள் லேயரில் ஏறக்குறைய 160 மி.மீ. நீட்டலாம். அல்லது எஃப்.பி.ஜி.ஏ.வுக்குள் இருக்கும் பி.எல்.எல்.லில் 40 டிகிரி பேஸ் ஷிஃப்ட் (ஒரு சைக்கிளை 360 டிகிரியாக வைத்துக் கிளாக்கைத் தள்ளுவது) கொடுக்கலாம். பி.எல்.எல். வழியில் போர்டு வந்த பிறகும் திருத்த முடியும் என்பதால் நான் அதைத்தான் எடுப்பேன். ஆனால் படி 3-இல் சொன்னபடி அதன் ஜிட்டரையும் பேஸ் பிழையையும் நான்கு கணக்கிலும் கழித்துவிடுங்கள். பேஸ் ஷிஃப்ட் டிகிரியில் இருப்பதால் கிளாக் வேகத்தை மாற்றினால் தாமதமும் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். 50 மெகாஹெர்ட்ஸில் அதே 40 டிகிரி 2.2 நானோ நொடி ஆகிவிடும், படிக்கும் ஹோல்டு 0.2-க்கு இறங்கிவிடும்.

அடுத்து இதை டூலுக்குச் சொல்ல வேண்டும். அவுட்புட் டிலே அதிகபட்சம் என்பது ஃபிளைட் அதிகபட்சம் கூட்டல் எஸ்.டி.ராம் செட்டப்: 2.9. குறைந்தபட்சம் என்பது ஃபிளைட் குறைந்தபட்சம் கழித்தல் எஸ்.டி.ராம் ஹோல்டு: −0.8. மைனஸைப் பார்த்துத் தவறு என்று நினைத்து அழிக்காதீர்கள். இன்புட் டிலே என்பது எஸ்.டி.ராம் டி.சி.ஓ. கூட்டல் ஃபிளைட்: அதிகபட்சம் 6.9, குறைந்தபட்சம் 3.2. ஸ்கியூவையும் ஜிட்டரையும் கிளாக் அன்சர்ட்டனிட்டியாகத் தனியே கொடுங்கள். பேஸ் ஷிஃப்டை டூல் பி.எல்.எல். அமைப்பிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். அதிகபட்சத்தை மட்டும் எழுதி, குறைந்தபட்சத்தை எழுதாமல் விட்டால் டூல் உங்கள் ஹோல்டைச் சரியாகச் சோதிக்கவே முடியாது, ரிப்போர்ட் மட்டும் பச்சையாக வரும்.

படி 7: ட்ரேஸ் வரையும்போது

கிளாக்கை ஒரு சிப்பிலிருந்து அடுத்த சிப்புக்குத் தொடராக இழுக்க வேண்டாம். பஃபரின் ஓர் அவுட்புட்டுக்கு ஒரு சிப், அவுட்புட் பின்னுக்குப் பக்கத்திலேயே ஒரு சீரிஸ் ரெசிஸ்டர். 22 அல்லது 33 ஓம் என்று தொடங்கி அலைவடிவத்தைப் பார்த்து மாற்றலாம். கிளாக் எட்ஜ் நுழைவாயில் பகுதியில் தயங்கி நின்றால் ஒரு எட்ஜ் இரண்டாகத் தெரியும், அப்புறம் மேலே போட்ட கணக்கு எதுவும் செல்லாது. ஜீரோ டிலே பஃபர் (தன் தாமதத்தைத் தானே ஈடுகட்டும் பஃபர்) போட்டால் அதன் ஃபீட்பேக் கோட்டின் நீளமும் லோடும்தான் மற்ற அவுட்புட்டுகளின் தாமதத்தை நிர்ணயிக்கும். அதைக் குட்டையாக முடித்துவிட்டுப் பிறகு ஏன் கிளாக் தள்ளிப் போகிறது என்று தேட வேண்டாம்.

டேட்டா கோடுகளை மில்லிமீட்டர் சுத்தமாகச் சமப்படுத்த இரவெல்லாம் உட்காராதீர்கள். காமன் கிளாக்கில் மிக நீளமான கோட்டில் செட்டப் இடிக்கக் கூடாது, மிகக் குட்டையான கோட்டில் ஹோல்டு இடிக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த உழைப்பைக் கீழே உடையாத கிரவுண்ட் பிளேன் இருக்கிறதா என்று பார்ப்பதில் செலவிடுங்கள்.

படி 8: மேஜையில் சோதிப்பது

கல்லூரி லேபில் பெரும்பாலும் கிடைப்பது 100 மெகாஹெர்ட்ஸ் அசில்லோஸ்கோப். அதன் சொந்த ரைஸ் டைமே ஏறக்குறைய 3.5 நானோ நொடி. அதை வைத்து 0.1 நானோ நொடிப் பிழையைத் தேட முடியாது. 1 கிகாஹெர்ட்ஸ் ஸ்கோப் கிடைத்தால் கிளாக்கையும் டேட்டாவையும் வாங்குகிற சிப்பின் பின்னிலேயே, ஒரே நீளப் புரோப்களில், முதலைக் கிளிப் கிரவுண்டை விட்டுவிட்டுக் குட்டையான ஸ்பிரிங் கிரவுண்டோடு பாருங்கள். இரண்டு புரோபையும் முதலில் ஒரே சிக்னலில் வைத்து இடைவெளியைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

அந்த ஸ்கோப் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. மெமரி முழுக்க எழுதிப் படித்துச் சரிபார்க்கும் ஒரு புரோகிராமை ஓடவிடுங்கள். எல்லா பிட்டும் ஒரே சமயத்தில் மாறும் வரிசை, ஒரு பிட் மட்டும் எதிர்த்திசையில் மாறும் வரிசை, ரேண்டம் வரிசை மூன்றும் இருக்கட்டும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்றை மாற்றுங்கள்: கிளாக் வேகம், வோல்டேஜ், வெப்பம். 3.3 வோல்ட் எஸ்.டி.ராமை 3.0 முதல் 3.6 வரை கொண்டுபோகலாம். சூடாக்க ஹேர் டிரையர், குளிர்விக்க எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஃபிரீசர் ஸ்ப்ரே. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு ஸ்ப்ரே அடித்ததும் சிப்பின் மேல் நீர் பூத்துவிடும், ஆகவே கொஞ்சமாக அடித்து, உடனே பார்த்து, துடைத்துவிடுங்கள்.

வேகத்தைக் கூட்டினால் தவறுகிறது, குறைத்தால் சரியாகிறது, சூட்டிலும் குறைந்த வோல்டேஜிலும் மோசமாகிறது என்றால் அது செட்டப். வேகத்தை எவ்வளவு குறைத்தாலும் அதே பிழை, குளிரிலும் கூடுதல் வோல்டேஜிலும் மோசமாகிறது என்றால் அது ஹோல்டு. வேகத்தை மாற்றிப் பார்க்கும்போது பேஸ் ஷிஃப்டால் வரும் தாமதம் நானோ நொடியில் மாறாதபடி டிகிரியைச் சரிசெய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் இந்தச் சோதனையே குழப்பிவிடும். மிகச் சின்ன நானோமீட்டரில், குறைந்த வோல்டேஜில் ஓடும் புதிய சிப்புகளுக்குள் வெப்பத்தின் போக்கு தலைகீழாகவும் இருக்கலாம். ஆகவே வெப்பத்தை மட்டும் நம்பாமல், கிளாக் வேகச் சோதனையை முதல் சாட்சியாக வையுங்கள்.

ஆலையில் இதே விஷயம் பருவத்தோடு சேர்ந்து வரும். சித்திரை மதியம், பாய்லர் பக்கத்தில், தவிடு அடைத்த ஃபில்டரோடு இருக்கும் கேபினட்டுக்குள் போர்டு வெந்துகொண்டிருக்கும்போது தவறினால் செட்டப்பைப் பாருங்கள். மார்கழி, தை விடியலில், வெளியே 20 டிகிரியை ஒட்டி இருக்கும்போது, சுவிட்ச் போட்ட முதல் கொஞ்ச நேரம் மட்டும் கண்டபடி ஊதிவிட்டு, சூடேறியதும் தானாகச் சரியாகிறது என்றால் ஹோல்டை முதலில் சந்தேகியுங்கள். தை மாதம் சம்பா அறுவடை நெல் வந்து குவியும் நேரம், ஆலை இரவும் பகலும் ஓடும். அப்போது எஞ்சினியரை அழைத்தால் அவர் வந்து சேரும் மதியத்தில் இயந்திரம் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். பிழை நேரும் மணியையும், ஆன் செய்து எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் ஆபரேட்டரிடம் குறித்து வைக்கச் சொல்லுங்கள். விலை உயர்ந்த கருவியைவிட அந்தக் குறிப்பு சீக்கிரம் வழி காட்டும்.

எதுவரை இந்த முறை?

காமன் கிளாக்கின் எல்லை செட்டப் சமன்பாட்டிலேயே இருக்கிறது. டி.சி.ஓ., ஃபிளைட், செட்டப் மூன்றும் ஒரே சைக்கிளுக்குள் அடங்க வேண்டும். 133 மெகாஹெர்ட்ஸ் எஸ்.டி.ராமில் சைக்கிள் 7.5 நானோ நொடி, அதில் ஆக்சஸ் டைமுக்கே 5.4 போய்விடும். மிச்சம் 2.1-க்குள் பயணம், ஸ்கியூ, ஜிட்டர், வாங்குகிறவரின் செட்டப் எல்லாம் முடிய வேண்டும். சாதாரண போர்டில் அங்கிருந்து மேலே போவது ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸும் போராட்டம்தான்.

அதனால்தான் டி.டி.ஆர். மெமரியில் டேட்டாவோடு சேர்ந்து ஸ்ட்ரோப் என்ற நேரக் குறிப்பையும் அனுப்புகிறார்கள். இன்டெல் பென்டியம் 3-இன் 100, 133 மெகாஹெர்ட்ஸ் பஸ் காமன் கிளாக். 2000-இல் வந்த பென்டியம் 4-இல் டேட்டாவை ஸ்ட்ரோபோடு ஒரு சைக்கிளுக்கு நான்கு முறை அனுப்பினார்கள். அங்கே முழுப் பயண நேரம் கணக்கில் வராது, டேட்டாவுக்கும் அதன் ஸ்ட்ரோபுக்கும் உள்ள வித்தியாசம்தான் வரும். ஆகவே கோடுகளின் நீளத்தைச் சமப்படுத்துவது அங்கே உண்மையிலேயே மில்லிமீட்டர் கணக்கு. ஆனால் அதே பென்டியம் 4 பஸ்ஸிலும் பல கண்ட்ரோல் சிக்னல்கள் பழையபடி காமன் கிளாக்கில்தான் ஓடின. நீங்கள் டி.டி.ஆர். போட்ட போர்டிலும் ஏ.டி.சி., பஃபர், சின்ன மெமரி என்று எங்காவது ஒரு காமன் கிளாக் பஸ் இருக்கும். அதற்கும் இந்த நான்கு வரிகளை எழுதி, அதன் ஸ்கீமாட்டிக் பக்கத்தின் ஓரத்திலேயே போட்டு வையுங்கள். பத்து வருடம் கழித்து அந்தப் போர்டைப் பழுது பார்க்க எடுப்பவருக்கு, எந்த மார்ஜின் மிகக் குறைவு என்று அங்கேயே தெரிந்துவிடும்.